காந்தம் போனால் சாந்தமும் போகுமா?

மோட்டாருக்குக் காயில் கட்டித் தரும் கடை எதற்காவது போனால், மூலையில் கழற்றிப் போட்டிருக்கும் ரோட்டார் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருளையான இரும்பு. அதன் மேல் அலுமினியக் கோடுகள். அந்தக் கோடுகள் நேராக ஓடாது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் லேசாகச் சாய்ந்திருக்கும். வார்க்கும்போது கோணலாகிவிட்டதோ என்று தோன்றும். கோணல் இல்லை, வேண்டுமென்றே செய்தது. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் வீட்டுத் தண்ணீர் மோட்டார் இன்னும் பலமாக இரையும். சில சமயம் கிளம்பவே அடம் பிடிக்கும்.

மோட்டாரை அதிராமல் ஓட வைப்பது எப்படி என்ற கேள்விக்கு நூறு வருடங்களுக்கு மேலாக என்ஜினியர்கள் சொல்லிவரும் பதில்களில் ஒன்று அந்தச் சாய்வு. கேள்வி பழையதுதான். ஆனால் 2025ஆம் ஆண்டு அது திடீரென்று அரசியலாகிவிட்டது. அந்த வருடம் ஏப்ரல் 4ஆம் தேதி சீனா, ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றைக் கொண்டு செய்யும் காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. அடுத்த சில மாதங்களில் இந்திய வாகனத் தொழிற்சாலைகள் கையைப் பிசைந்தன. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது அந்தக் காந்தம்தான். காந்தமே இல்லாத மோட்டார் செய்தால் என்ன என்று பலரும் கேட்டார்கள். செய்யலாம். செய்தும் இருக்கிறார்கள். ஆனால் அது முணுமுணுக்கும், உதறும். அந்த உதறலை அடக்குவதில்தான் விஷயமே இருக்கிறது.

காலால் மிதிக்கும் தையல் மிஷினை ஓட்டியவர்களுக்கு இந்தப் பிரச்னையை விளக்கவே வேண்டாம். பலகையை மிதிக்கும்போது சக்கரம் சுழல்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கால் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. அந்த இடங்களைக் கனமான சக்கரம் தன் வேகத்தாலேயே கடந்துவிடுகிறது. சைக்கிளில் மேட்டில் ஏறும்போதும் இதே கதை. பெடல்கள் மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்கும் நொடியில் வண்டி தயங்குகிறது. மொத்தத்தில் நீங்கள் கொடுக்கும் பலம் போதுமானதுதான். ஆனால் அது ஒரே சீராகப் போய்ச் சேரவில்லை.

டார்க் என்று என்ஜினியர்கள் சொல்லும் முறுக்கு விசையிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. அதன் பெயர் டார்க் ரிப்பிள். ஒரு மோட்டார் சராசரியாக 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குள் அது 9க்கும் 11க்கும் நடுவே ஊசலாடினால், ரிப்பிள் 20 சதவிகிதம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் சராசரி மட்டுமே தெரியும். ஊசலாட்டத்தை நம் காதும் முதுகும்தான் கண்டுபிடிக்கும்.

வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. போகும்போது ஒரு உச்சம், வரும்போது ஒரு உச்சம் என்று, அதன் ஆற்றல் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஃபேன், ஃப்ரிட்ஜ், பம்பு எல்லாவற்றிலும் அடிநாதமாகக் கேட்கும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரத்தின் மூலம் பெரும்பாலும் இந்த 100தான். இதற்குத் தீர்வாக வந்தது பல ஃபேஸ் மின்சாரம். 1888இல் இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் தன் ஆய்வை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் நிகோலா டெஸ்லாவுக்குக் காப்புரிமைகள் கிடைத்தன. அடுத்த வருடம் ஜெர்மனியில் ஏ.ஈ.ஜி. கம்பெனியின் டொலிவோ டொப்ரோவோல்ஸ்கி மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டிக் காட்டினார். ஒரே அச்சில் மூன்று கைப்பிடிகள், மூன்று திசைகளில் பொருத்தியிருக்கின்றன என்று கற்பனை செய்யுங்கள். ஒருவர் தளரும்போது மற்ற இருவர் இழுக்கிறார்கள். கணக்குப் போட்டால் மூவரின் பலமும் சேர்ந்து எந்த நொடியிலும் ஒரே அளவாக நிற்கும். தாளில் ரிப்பிள் பூஜ்யம்.

தாளில் மட்டும். நிஜ மோட்டாருக்குப் பற்கள் உண்டு. செப்புக் கம்பியைச் சுற்றி வைக்க இரும்பில் காடிகள் வெட்டியாக வேண்டும். காடிகளுக்கு நடுவில் நிற்கும் இரும்புதான் பல். காந்தம் பொருத்திய ரோட்டார் இந்தப் பற்களுக்கு எதிரே வந்து நிற்கவே ஆசைப்படும். ஒரு பல்லிலிருந்து பிடுங்கி அடுத்த பல்லுக்கு நகர்த்தினால் 'டக்' என்று உட்காரும். சைக்கிளில் பாட்டில் டைனமோ மாட்டியிருந்த தலைமுறைக்கு இது தெரியும். அதன் தலையை விரலால் திருகினால் வழுவழுவென்று சுற்றாது. படிப்படியாகத்தான் நகரும். மின்சாரமே பாயாதபோதும் இருக்கும் இந்தப் பிடிவாதத்துக்கு காகிங் என்று பெயர்.

இதை அடக்கும் முதல் வழி பள்ளிக்கூடக் கணக்குதான். ஸ்டேட்டரில் 12 காடிகள், ரோட்டாரில் 8 காந்த முனைகள் என்றால் ஒரு சுற்றுக்கு 24 'டக்'குகள். 12, 8 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு அது. அதே 12 காடிகளுக்கு 10 முனைகள் வைத்தால் 60. எண்ணிக்கை கூடினால் தொந்தரவும் கூடுமே என்று தோன்றும். நேர்மாறாக நடக்கிறது. எல்லா முனைகளும் ஒரே நேரத்தில் பல்லைப் பிடிக்காமல் ஒன்று மாற்றி ஒன்று பிடிப்பதால், ஒவ்வொரு 'டக்'கும் சின்னதாகிவிடுகிறது. இன்னும் பேராசைப்பட்டு 9 காடி, 8 முனை என்று போகலாம். 72 வரும், காகிங் மேலும் சிறுத்துவிடும். ஆனால் அந்த அமைப்பில் இழுவை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றிவரும். பேரிங் அடி வாங்கும். ஓரிடத்தில் அதிர்வைக் குறைத்து இன்னோரிடத்தில் வரவு வைப்பது மோட்டார் வடிவமைப்பில் நிரந்தரத் தலைவலி.

இரண்டாவது வழி, முன்னால் சொன்ன சாய்வு. ஏறத்தாழ ஒரு காடி அகலத்துக்குக் கோடுகளைச் சாய்த்துவிட்டால், ரோட்டாரின் ஒரு முனை பல்லுக்கு எதிரே இருக்கும்போது மறு முனை காடிக்கு எதிரே இருக்கும். ஒரு பகுதியின் தயக்கத்தை இன்னொரு பகுதி ஈடு செய்கிறது. நேரான குச்சியைப் படிக்கட்டில் இழுத்தால் ஒவ்வொரு படியிலும் இடிக்கும். சாய்த்துப் பிடித்தால் சத்தம் குறையும். அதே தந்திரம். அலுமினியம் வார்க்கும் ரோட்டாரில் இது சுலபம். கெட்டியான காந்தத்தைச் சாய்வாகச் செய்வது கஷ்டம் என்பதால், கார் மோட்டார்களில் ரோட்டாரை நாலைந்து வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் சில டிகிரி திருப்பி அடுக்குகிறார்கள். இதற்கும் விலை உண்டு. சாய்த்த அளவுக்கு முறுக்கு விசையும் கொஞ்சம் குறையும்.

இதுவரை சொன்னது இரும்பின் சேஷ்டை. மின்சாரத்தின் சேஷ்டை தனி. டெல்லியிலோ லக்னோவிலோ மின்சார ரிக்‌ஷாவில் ஏறியவர்கள், அது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது வயிற்றில் ஒரு உதறலை உணர்ந்திருக்கலாம். விலை குறைந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மோட்டாருக்கு மின்சாரத்தை வழுக்கலாக அனுப்புவதில்லை. ஆறு கட்டங்களாகத் தள்ளுகிறது. ஒரு ஃபேஸை அணைத்து அடுத்ததை ஏற்றும் ஒவ்வொரு மாற்றத்திலும் முறுக்கு விசை ஒரு நொடி சறுக்குகிறது. ரோட்டாரில் 8 முனைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு 24 சறுக்கல்கள். சக்கரம் வேகமாகச் சுழலும்போது வண்டியின் கனம் இதை விழுங்கிவிடும். மெதுவாக நகரும்போது விழுங்காது. கியர் பற்கள் ஒன்றோடொன்று மோதும், இணைப்புகள் தளரும். ஓட்டுநரின் முதுகு நாள் முழுக்க இதை வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு வம்பும் உண்டு. நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் நொடிக்கு 24 அடி. 600 சுற்று என்றால் 240 அடி. ஏதோ ஒரு வேகத்தில் இந்த எண்ணிக்கை வண்டிச் சட்டத்தின் இயல்பான அதிர்வோடு பொருந்திவிடும். அப்போது சின்ன ரிப்பிள்கூடப் பெரிய ஓலமாகும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கத்திவிட்டு, அதைத் தாண்டியதும் அமைதியாகும் வண்டிகளில் இப்படி ஒரு பொருத்தம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு மருந்து 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சீமென்ஸ் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே, ரோட்டாரின் காந்தப் புலம் எந்தத் திசையில் நிற்கிறது என்று கணித்து, அதற்குச் செங்குத்தாகவே மின்சாரம் எப்போதும் வேலை செய்யும்படி ஃபேஸ்களை இயக்கும் முறையைக் கொடுத்தார். அன்றைக்கு அதற்கு ஒரு அலமாரி நிறைய எலக்ட்ரானிக்ஸ் வேண்டியிருந்தது. இன்று விரல் நகம் அளவுள்ள ஒரு சிப் செய்துவிடுகிறது. நல்ல ஸ்கூட்டர்களும் சில சீலிங் ஃபேன்களும் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இதுவே காரணம். பழைய ஃபேன் 75 வாட் வாங்கிய இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் வாக்கில் வாங்குகிறது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமானதும் இந்த வகை கடைகளில் நிறைந்துவிட்டது.

இத்தனை சாதுரியமும் காந்தம் உள்ள மோட்டாரைச் சுற்றியே வளர்ந்தது. 1980களில் ஜப்பானில் மசாடோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம், கைக்கடக்கமான மோட்டாருக்குள் பெரிய பலத்தை அடைத்துக் கொடுத்தது. சூட்டில் அது பலம் இழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம் என்ற இன்னொரு தனிமத்தைச் சிறிது சேர்ப்பார்கள். சீனா பூட்டு போட்ட ஏழில் டிஸ்ப்ரோசியமும் ஒன்று.

காந்தம் இல்லாத மோட்டார் இவற்றுக்கெல்லாம் தாத்தா. 1842இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் டேவிட்சன், மின்கலத்தில் ஓடும் ரயில் எஞ்சின் ஒன்றை எடின்பரோ–கிளாஸ்கோ பாதையில் ஓட்டிக் காட்டினார். மணிக்கு 4 மைல் வேகம். மனிதன் நடக்கும் வேகம்தான். தத்துவம் எளிது. மின்காந்தத்தை ஏற்றினால் பக்கத்தில் உள்ள இரும்பு ஓடி வந்து எதிரே நிற்கும். நிற்பதற்கு முன் அதை அணைத்து அடுத்த மின்காந்தத்தை ஏற்று. இரும்பு விடாமல் துரத்திக்கொண்டே இருக்கும். ரோட்டாரில் காந்தமும் இல்லை, கம்பியும் இல்லை. வெறும் இரும்பு. 1980இல் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லாரன்சன் குழு, நவீன எலக்ட்ரானிக்ஸைக் கொண்டு இதற்கு மறுபிறவி கொடுத்தது. ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டார் என்ற பெயரும் நிலைத்தது.

மலிவு. உறுதி. சூடு தாங்கும். யாரிடமும் கையேந்த வேண்டாம். பின் ஏன் ஊரெல்லாம் இது ஓடவில்லை? ஒரு ஃபேஸ் விட்டு அடுத்த ஃபேஸ் பிடிக்கும் இடைவெளியில் முறுக்கு விசை பள்ளத்தில் விழுகிறது. ஸ்டேட்டரில் 6, ரோட்டாரில் 4 என்ற எளிய அமைப்பில் ஒரு சுற்றுக்கு 12 பள்ளங்கள். அது போதாதென்று, இரும்பை இரும்பு இழுக்கும்போது சுழற்றும் விசையைவிட உள்நோக்கி நெரிக்கும் விசை பல மடங்கு அதிகம். ஒவ்வொரு துடிப்பிலும் மோட்டாரின் கூடு கண்ணுக்குத் தெரியாத அளவில் நசுங்கி விரிகிறது. விரியும் கூடு ஒலிபெருக்கி மாதிரி. சத்தத்துக்குக் காரணம் அதுதான்.

வைத்தியம் உண்டு. ஒரு ஃபேஸ் தளரத் தொடங்கும்போதே அடுத்ததைக் கணக்காக ஏற்றி, இரண்டின் கூட்டுத்தொகை குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டப்பந்தயத்தில் குச்சி மாற்றுகிறவர்கள் சில அடி தூரம் சேர்ந்தே ஓடுவதைப் போல. ஃபேஸ்களைக் கூட்டலாம், ஆனால் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்சுகளின் செலவும் கூடும். ரோட்டார் பல்லின் மூலையைச் செதுக்கலாம். உச்ச பலம் கொஞ்சம் குறையும். மோட்டாரின் குறுக்கு வெட்டை ஆயிரக்கணக்கான சின்ன முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காந்தப் புலம் எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்துப் பார்த்துத்தான் இந்தச் செதுக்கலைச் செய்கிறார்கள்.

இதன் சாதுவான உறவினர் ஒருவரும் இருக்கிறார். சின்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார். ரோட்டார் இரும்பில் வில் வடிவத்தில் இடைவெளிகளை வெட்டி, காந்தப் புலத்துக்குப் பாதை போட்டுக் கொடுப்பது. 1923இலேயே கோஸ்ட்கோ என்ற அமெரிக்கப் பொறியாளர் இதை எழுதி வைத்தார். ஏ.பி.பி. நிறுவனம் 2011இல்தான் தொழிற்சாலைகளுக்கான பெரிய வரிசையாகக் கொண்டுவந்தது. இதிலும் ரிப்பிள் உண்டு. ஆனால் இடைவெளிகளின் எண்ணிக்கை, கோணம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அமைத்தால் பெருமளவு அடங்குகிறது. அந்த இடைவெளிகளில் சாதாரண ஃபெரைட் காந்தத்தைச் சொருகினால் பலமும் கூடும். ஸ்பீக்கரின் முதுகில் கறுப்பு வளையமாக இருக்குமே, அதுதான் ஃபெரைட். பலத்தில் நியோடிமியத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அரிய மண் தேவையில்லை. 2023 மார்ச்சில் டெஸ்லா, தன் அடுத்த தலைமுறை மோட்டாரில் அரிய மண் தனிமம் இருக்காது என்று அறிவித்தது. 2025 அக்டோபரில் ஓலா எலக்ட்ரிக் தன் ஃபெரைட் மோட்டாருக்கு அரசுச் சான்றிதழ் கிடைத்துவிட்டதாகச் சொன்னது.

மத்திய அரசு எடுத்த பாதை வேறு. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை, அரிய மண் காந்தங்களை உள்நாட்டிலேயே செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. குறி, வருடத்துக்கு 6,000 டன். அவசியமான காரியம்தான். மூலப்பொருள் இல்லாத நாடல்ல நாம். கன்யாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் சவராவிலும் ஒடிஷாவின் சத்ரபூரிலும் பொதுத்துறை நிறுவனம் கடற்கரை மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மணலின் மோனசைட்டில் நியோடிமியம் போன்ற லேசான வகைகளே அதிகம். டிஸ்ப்ரோசியம் போன்ற கனமான வகைகள் சொற்பம். காந்தத் தொழிற்சாலை கட்டி முடித்தாலும் சூடு தாங்கும் காந்தத்துக்கு வெளியே பார்க்கவேண்டிய நிலை முழுதாகத் தீர்ந்துவிடாது. மணலை அள்ளுவதால் கடற்கரை கிராமங்களில் எழும் கேள்விகள் வேறு.

எனவே கோடிகளில் ஒரு பங்கு, காந்தத்தைக் குறைக்கும் வடிவமைப்புக்கும் போகவேண்டும். அதற்குத் தேவையானவை பிரம்மாண்டமானவை அல்ல. மெல்லிய, தரமான மின் எஃகுத் தகடு. அதை நுணுக்கமாக வெட்டும் டை. ஒரு சுற்றுக்குள் முறுக்கு விசை எப்படி ஊசலாடுகிறது என்று அளந்து காட்டும் சோதனை மேடை. ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி சிறிய ரிலக்டன்ஸ் மோட்டாரில் அரை மில்லிமீட்டர் வாக்கில்தான். அதில் சின்ன பிசகு நேர்ந்தாலும் கம்ப்யூட்டரில் பார்த்த அழகெல்லாம் சத்தமாகிவிடும். பம்பு மோட்டாருக்குப் பேர் போன கோவையில் ஸ்டாம்பிங் வெட்டுவது தலைமுறைத் தொழில். ராஜ்கோட்டிலும் அப்படித்தான். கை இருக்கிறது. அந்தக் கைகளுக்குப் பெரிய கம்பெனிகளிடம் மட்டும் உள்ள சோதனை வசதியும் மென்பொருளும் பொதுவில், வாடகைக்காவது கிடைக்கவேண்டும். இல்லாவிட்டால் சிறிய பட்டறைகள் காந்தம் இல்லாத மோட்டாரைச் செய்யும். அது உதறும். வாங்கியவர் திட்டுவார். 'உள்ளூர்ச் சரக்கு இவ்வளவுதான்' என்ற பழைய பல்லவி ஆரம்பமாகிவிடும்.

அரசு செய்யக்கூடிய செலவில்லாத காரியமும் ஒன்று உண்டு. சீலிங் ஃபேனின் நட்சத்திரம் எதைச் சொல்கிறது? ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதை. நல்லது. ஆனால் அது எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு இரைகிறது என்று அந்த நட்சத்திரம் சொல்வதில்லை. எண்ணாக எழுதி ஒட்டாத குணத்துக்கு எந்தக் கம்பெனியும் பணம் செலவழிக்காது. மின்சார ரிக்‌ஷாவுக்கும் பம்புக்கும் அதிர்வின் அளவைக் குறிக்கச் சொன்னால், போட்டி தானாக நடக்கும்.

அதுவரை சோதிப்பது உங்கள் பொறுப்பு. பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குகிறீர்களா? கடைக்காரர் முழு வேகத்தில் சுற்றிக் காட்டுவார். அதில் எல்லா ஃபேனும் நல்ல ஃபேன்தான். மிகக் குறைந்த வேகத்தில் வைக்கச் சொல்லிக் காது கொடுங்கள். மின்சார ஸ்கூட்டரா? நேர் ரோட்டில் பறக்க வேண்டாம். மேட்டில் நிறுத்தி, நடக்கும் வேகத்தில் கிளப்புங்கள். ஹேண்டில்பாரில் விறுவிறுவென்று உதறல் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே காந்தம் இருக்கிறதா, இல்லையா என்று விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதைச் செய்தவர் மெனக்கெட்டாரா, இல்லையா என்பது பத்தடி தூரத்துக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.